சோறு ஒருத்தி, வெஞ்சனம் ஒருத்தி

கருவூலத்தில் கணக்கராக இருக்கிறேன் என்றால் ஊரில் பாதிப் பேர் நான் பணக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். என் நாத்தனார் ஒரு தடவை, கிழிந்த நோட்டுகளை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து மாற்றித் தரச் சொன்னாள். என் மேஜைக்கு வருவதெல்லாம் பில்லும், பில்லோடு பின் அடித்த காகிதமும்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு ரூபாய்க் காசைக்கூட அங்கே கண்ணால் கண்டதில்லை. நான் பார்ப்பது மனிதர்களை. அதுவும், உயிரோடு இருக்கிறார்களா என்று.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், அவர்கள் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிமார்களும் ஆண்டுக்கு ஒரு தடவை கருவூலத்துக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அதற்கு நேர்காணல் என்று பெயர். பெயர்தான் பெரிது, கேள்வி ஒன்றும் கிடையாது. வந்தீர்களா, மெஷினில் விரலை வைத்தீர்களா, இருக்கிறீர்கள், போய் வாருங்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள் மட்டும் கூடுதலாக ஒரு உறுதிமொழி எழுதித் தர வேண்டும்: மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று. எண்பது வயதில் கோலூன்றி வருகிறவளிடமும் அதை நீட்டத்தான் வேண்டும். நீட்டும்போது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

முன்பெல்லாம் நேர்காணல் சித்திரை, வைகாசி வெயிலில்தான் நடக்கும். மூன்று மாதத்துக்குள் எல்லோரும் வந்துவிட வேண்டும். திண்டுக்கல் வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ஊருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டு, டோக்கன் கொடுப்போம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆதார் நகலை மறந்து வருகிறவர்களையும், பக்கத்து வீட்டுக்காரரின் ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்து வருகிறவர்களையும் வறுத்து எடுத்துவிடுவேன். எங்கள் செக்சனில் என்னை மிளகாய்ப்பொடி என்று சொல்வார்கள். என் காதுக்கு எட்டாது என்ற நினைப்பு அவர்களுக்கு.

அந்தப் பந்தலில்தான் அந்த இரண்டு பெண்களையும் பார்த்தேன்.

ஒருவர் கன்னிவாடிப் பக்கம். கணவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒன்றில் திடீரென்று போய்விட்டார். அடுத்த வைகாசியில் முதல் நேர்காணலுக்கு அந்த அம்மா வந்தார். உறுதிமொழிக் காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்தலுக்குப் போய் உட்கார்ந்தார். மதியம் நான் டீ குடிக்க வெளியே வந்தபோது, மடியில் ஒரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். டப்பாவில் வெறும் சோறு. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. காலையில் சோற்றை வடித்ததற்கு மேல் எதுவும் செய்ய மனசு ஓடவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

அதே பெஞ்சின் மறுகோடியில் இருந்தவர் சின்னாளபட்டிக்காரர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தறிக்காரக் குடும்பத்திலிருந்து படித்து வேலைக்குப் போன பெண் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அன்றைக்கு டவுன் பஸ் நெரிசலில் அவருடைய தூக்குச்சட்டியின் சோற்று அடுக்கு கழன்று கொட்டிவிட்டிருந்தது. மிஞ்சியது மொச்சைக்கொட்டை போட்ட கத்தரிக்காய் மட்டும். பக்கத்தில் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஒங்கிட்ட சோறு இருக்கு, எங்கிட்ட வெஞ்சனம் இருக்கு. ரெண்டு பேரும் தனித்தனியா எதுக்குப் பட்டினி கெடக்கணும்?"

இதை என் காதால் கேட்டேன். அந்த அம்மா அழ ஆரம்பித்ததையும் பார்த்தேன். நர்ஸம்மா இடது கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே வலது கையால் சோற்றைப் பிசைந்தார்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வைகாசி பிறந்து வருகிற முதல் திங்கட்கிழமை இரண்டு பேரும் வருவார்கள். கன்னிவாடி சோறு மட்டும் கொண்டு வரும். சின்னாளபட்டி வெஞ்சனம் மட்டும் கொண்டு வரும். ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நாங்கள் டோக்கன் நம்பர் சொல்லியே அழைப்பதால் ஒருவர் பெயர் இன்னொருவர் காதில் விழ வழியில்லை. அவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. போன் நம்பர், வீட்டு விலாசம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. நேர்காணலுக்கு வராமல் யார் இருக்க முடியும் என்ற தைரியம்தான்.

வந்ததும் நர்ஸம்மா கன்னிவாடியின் மணிக்கட்டைப் பிடிப்பார். செத்த நேரம் கண்ணை மூடிக்கொண்டு, "இருக்க, இருக்க" என்பார். பிறகு என் கவுன்டரைப் பார்த்து, இந்த வருடமும் மாப்பிள்ளை அமையவில்லை என்று இவள் எழுதிக் கொடுத்துவிட்டாளா என்று விசாரிப்பார். கன்னிவாடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும். முதல் வருடம் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற முகம் என் நினைவில் இருந்ததால், அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு அவ்வளவு நன்றாக இருக்கும். ஆதார் நகல் இல்லாதவர்கள்கூட அன்றைக்கு என்னிடம் தப்பித்துவிடுவார்கள்.

சாப்பாட்டில் சண்டை உண்டு. சோறு குழைந்துவிட்டது என்று நர்ஸம்மா சொல்வார். வெஞ்சனத்தில் உப்புப் பத்தவில்லை என்று கன்னிவாடி சொல்லும். ஒரு பருக்கை மிச்சம் இருக்காது.

கொரோனா வந்தபோது வயதானவர்களை அலையவிட வேண்டாம் என்று நேர்காணலையே நிறுத்தி வைத்தார்கள். நல்ல முடிவுதான். எல்லாம் அடங்கிய பிறகு விதியும் மாறியது. எல்லோரும் வெயிலில் ஒரே சமயத்தில் வந்து நிற்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்றவர்கள் அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் வரலாம். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், அந்த ஓய்வூதியம் தொடங்கிய மாதத்தில் வரலாம். கூட்டம் குறையும் என்று நான்தான் செக்சனில் முதலில் கைதட்டினேன்.

கூட்டம் அப்படியொன்றும் குறையவில்லை. எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் மே மாதத்தில் ஓய்வு பெற்றவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் வாத்தியார்கள் வாய்க்கு வந்த மே மாதத் தேதி ஒன்றைப் போட்டுவிட்டதன் பலன். எனக்கும் மே மாதம்தான். நான் பிறந்தது கார்த்திகை அடைமழையில் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸம்மாவுக்கும் அப்படியே. ஆனால் குடும்ப ஓய்வூதியம் தொடங்குவது கணவர் காலமான மறுநாள். பிறந்த தேதியை வாத்தியார் எழுதிவிடலாம். இந்தத் தேதியை யாரும் இஷ்டத்துக்கு எழுத முடியாது.

புது விதி வந்த முதல் வைகாசியில், முதல் திங்கட்கிழமை, கன்னிவாடி அம்மா வந்து நின்றார். இளைத்திருந்தார். கையில் அதே டப்பா. உங்கள் மாதம் அக்டோபர், ஐப்பசி வாக்கில் வாருங்கள் என்று எடுத்துச் சொன்னேன்.

"அவரு போன மாசத்துலயா தாயி வரச் சொல்றீக?"

விதியை வாசித்தபோது கூட்டத்தைப் பற்றி யோசித்த எனக்கு இது தோன்றவே இல்லை. அவரே தலையை ஆட்டிக்கொண்டு, சரி, அப்போது வாரேன் என்றார். ஆனால் கிளம்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

மதியம் ஆனது. டப்பா திறக்கவில்லை. நான் என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய், பீன்ஸ் பொரியல் இருக்கிறது, வாங்கம்மா சாப்பிடலாம் என்றேன். வேண்டாம், அவள் வந்தால் கோவித்துக்கொள்வாள் என்று மறுத்துவிட்டார். வெயில் சாய்ந்து, பஸ்ஸுக்கு நேரமானபோது கவுன்டருக்கு வந்தார்.

"அவ இருக்காளான்னு மட்டும் பார்த்துச் சொல்லு தாயி."

ஒரு ஓய்வூதியரின் விவரத்தை இன்னொருவருக்குத் தரக் கூடாது. விலாசம் கூடாது, நம்பர் கூடாது. அது சரியான விதிதான், தனியாக இருக்கும் வயதானவர்களை ஏமாற்ற ஆயிரம் பேர் அலைகிறார்கள். ஆனால் இவர் கேட்டது அதுவல்ல. கம்ப்யூட்டரில் பார்த்தேன். அந்த மாதத் தொடக்கத்தில் தபால்காரர் வீட்டுக்கே போய் நர்ஸம்மாவின் விரல் ரேகையை வாங்கி அனுப்பியிருந்தார். வாசல் தாண்ட முடியாதவர்கள்தான் பெரும்பாலும் அப்படிச் செய்வது. அதைச் சொல்லாமல், இருக்காங்கம்மா என்று மட்டும் சொன்னேன்.

"இருக்கால்ல. அது போதும்" என்றார். சோற்று டப்பாவைத் திறக்காமலேயே கொண்டு போனார். அவருக்குப் போதும் போல. எனக்குத்தான் போதவில்லை. அன்று சாயங்காலம் பிரிண்டரில் காகிதம் சிக்கியதற்கு ஒரு பாவப்பட்ட மனிதரைப் பிடித்துக் கத்தினேன்.

ஐப்பசியில் வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. விரலை வைத்தார், உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். கேலி செய்ய ஆள் இல்லை. மழை விடட்டும் என்று வராந்தாவில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். சோறும் ஓரமாக ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாயும். கவுன்டரில் ஆள் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அடுத்த கோடையில் சின்னாளபட்டியிலிருந்து ஒரு மனு வந்தது. நர்ஸம்மாவின் மகன் எழுதியிருந்தார். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார், இப்போது தபால்காரரின் மெஷினில் ரேகையும் விழ மாட்டேன் என்கிறது, வீட்டுக்கே வந்து பார்த்துச் சான்று தர வேண்டும் என்று டாக்டர் சீட்டோடு கேட்டிருந்தார். மே மாத வெயிலில் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்றால் எங்கள் செக்சனில் ஆளாளுக்குத் தலைவலி வரும். நான் போகிறேன் என்றதும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நாளும் நானே குறித்தேன். வைகாசி பிறந்து முதல் திங்கட்கிழமை.

அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். மருமகள் எடுத்தாள். திங்கட்கிழமை மதியத்துக்குள் கருவூலத்திலிருந்து வருகிறோம், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கும் என்னிடம் உறுதியாக ஒன்றும் இல்லை. கன்னிவாடி அம்மாவுக்கு அந்த மாதத்தில் எங்கள் ஆபீஸில் ஒரு வேலையும் கிடையாது. அது அவருக்கும் தெரியும். வருவார் என்று எப்படி நம்பினேன் என்று கேட்டால், நம்பினேன், அவ்வளவுதான். முந்தின நாள் முழுக்க வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

திங்கட்கிழமை நான் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே பெஞ்சில் இருந்தார். மடியில் டப்பா. போன வருடம் வரவில்லை, இந்த வருடமாவது வருவாளா என்று பார்க்க வந்தேன் என்றார், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போல.

"அவங்க வர மாட்டாங்கம்மா. நாமதான் போறோம்" என்றேன்.

விவரத்தைத் தரக் கூடாது என்றுதான் விதி. ஆளையே கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று எங்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆட்டோவில் அவர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். அவளுக்கு என்ன என்று கேட்டார். விழுந்துவிட்டார்கள், படுக்கையில் இருக்கிறார்கள் என்றேன். பேச்சு இருக்கிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ஆள் அடையாளம் தெரியுமா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். அதுவும் தெரியாது. காந்திகிராமம் தாண்டும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். கூட்டிக்கொண்டு வந்தது சரிதானா என்ற யோசனைதான்.

தறிச் சத்தம் கேட்கும் தெருவில் வீடு. மருமகள் உள்ளே அழைத்தாள். கன்னிவாடி அம்மா நிலைப்படியிலேயே நின்றுகொண்டார், முதலில் ஆபீஸ் வேலை முடியட்டும் என்பது போல. கட்டிலில் நர்ஸம்மா பாதியாக இளைத்துக் கிடந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நான் பெயரைக் கேட்டேன். சொன்னார். குரல் மெலிந்திருந்தாலும் அதே அதிகாரம். ஓய்வூதியரை நேரில் கண்டேன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். போட்டு நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கன்னிவாடியா?"

கன்னிவாடி அம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நர்ஸம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருடம் தனக்குச் செய்ததை அப்படியே செய்து பார்த்தார்.

"அங்க இல்லடி, இங்க" என்று நர்ஸம்மா அவருடைய விரலை எடுத்து நாடி துடிக்கும் இடத்தில் வைத்தார்.

"இருக்க, இருக்க" என்றார் கன்னிவாடி. இரண்டு பேரும் அழுதார்கள். நான் ஃபைலைப் பிரித்துப் பிரித்து மூடிக்கொண்டிருந்தேன்.

மருமகள் என்னைச் சமையலறைப் பக்கம் ஒதுக்கி அழைத்துப் போனாள். அடுப்புத் திட்டில் ஒரு தூக்குச்சட்டி துடைத்து வைத்திருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஒங்க போன் வந்ததுலருந்து அத்தை ஒரே பிடிவாதம் மேடம். நேர்காணலாம், மொச்சையும் கத்திரிக்காயும் வச்சு தூக்குல எடுத்து வைக்கணுமாம். சோறு வடிக்கவா அத்தைன்னு கேட்டா, வேணாம், சோறு வந்துரும்ங்கிறாக. போன வருசமும் தபால்காரரு வந்தன்னிக்கு இதே கூத்துதான். சோறு வரலன்னு சாப்பிடவே இல்ல. எங்களுக்கு ஒண்ணும் புரியல."

நான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். கன்னிவாடி அம்மா அதைப் பார்த்தார். தன் டப்பாவைத் திறந்தார். வெறும் சோறு. போன வருடம் ஒருத்தி அங்கே சோற்றோடும், ஒருத்தி இங்கே வெஞ்சனத்தோடும் ஆளுக்கொரு நாள் முழுக்கக் காத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலுவலக முத்திரை இருக்கும் பையை எங்கே வைத்தேன் என்று தேடுவது போல வாசலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கன்னிவாடி பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் குழைய விட்டுவிட்டாய் என்றார் நர்ஸம்மா. கடிக்கப் பல் இருக்கிறதா உனக்கு என்றார் கன்னிவாடி. இம்புட்டு வருடத்தில் மருமகள் கையிலாவது உப்பு சரியாக இருக்கிறதே என்றும் சொன்னார். மருமகள் வாசலில் நின்று சிரித்தாள். இரண்டு பேரின் போன் நம்பரையும் மாற்றி எழுதிக் கொடுக்க அவளிடமே சொன்னேன். அது என் வேலை இல்லை, அவர்கள் இருவரும் கொடுத்து வாங்கிக்கொள்வது.

கிளம்பும்போது நர்ஸம்மா என்னை அருகே கூப்பிட்டார்.

"மேடம், ஐப்பசில இவ தனியா வருவா. அது இவளுக்கு நல்ல மாசமில்ல. என்னால அங்க வர முடியாது. அன்னிக்கு வெஞ்சனம் ஒங்க பொறுப்பு."

மேலதிகாரிக்குச் சொல்வது போல, சரிங்க என்றேன்.

ஐப்பசியில் கன்னிவாடி அம்மா முந்தின நாளே போன் செய்துவிட்டார், நர்ஸம்மாவின் மருமகளிடம் என் நம்பரையும் கேட்டு வாங்கியிருக்கிறார். காலையில் நான் சோறு வடிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவில் கத்தரிக்காய் மட்டும் இருப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர், யாரோடு சண்டை என்று கேட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. கன்னிவாடி அம்மா விரலை வைத்தார். உறுதிமொழியை நீட்டினேன். இந்தத் தடவை நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. இந்த வருடமும் மாப்பிள்ளை அமையவில்லையா என்று கேட்டேன். ஒரு நொடி திகைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மதியம் வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். என் டப்பாவைத் திறந்தேன். ஒரு வாய் எடுத்து வைத்தார். நான் பரீட்சை எழுதிவிட்டு நிற்பவள் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு பத்தல. அடுத்த வருசம் சரியாப் போடு" என்றார்.

அடுத்த வருசம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மழைச்சாரல் என்று துடைத்துக்கொண்டேன். அவர் சோற்று டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். நர்ஸம்மா சொன்னது சரிதான், சோறு நன்றாகக் குழைந்திருந்தது.